கரண்டும் கனமும்: பக்கவாதத்துக்குப் பின் நடை

பக்கவாதம் வந்து படுத்திருப்பவரை நலம் விசாரிக்கப் போகிறவர்கள் நம் ஊரில் தவறாமல் கேட்கும் கேள்வி, "கரண்ட் வைக்கிறாங்களா?" என்பது. "தினமும் வைக்கிறாங்க" என்று பதில் வந்துவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது என்று இரு தரப்பும் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த இருபது நிமிடத்தில் என்னதான் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் நடப்பது இவ்வளவுதான்: நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தொடையில் இரண்டு பேட், காலில் இரண்டு பேட். பெட்டி தன்பாட்டுக்கு விட்டுவிட்டு அடிக்கும், தசை துள்ளும், அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்தூண்டலைக் குறைசொல்ல நான் வரவில்லை. அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது, நல்ல சான்றுகளும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றுகளைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. நோயாளியின் சொந்த முயற்சியோடு சேரும்போதுதான் மின்சாரம் நடைக்கு நன்றாக உதவுகிறது. அந்த முயற்சியும் வாரத்துக்கு வாரம் கனம் கூடிக்கொண்டே போனால்தான் பலன் நிலைக்கிறது. நாம் கரண்டைக் கேட்டு வாங்குகிறோம், கனத்தை விட்டுவிடுகிறோம். இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்ளின். மின்னலையும் பட்டத்தையும் வைத்து அவரை நமக்குத் தெரியும். பென்சில்வேனியாவிலும் பக்கத்து மாகாணங்களிலும் இருந்து வாதம் வந்தவர்கள் பலர் அவரைத் தேடி வந்து மின்சாரம் வைத்துக்கொண்டார்கள். 1757 டிசம்பரில் லண்டனிலிருந்து ஜான் பிரிங்கிள் என்ற மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த அனுபவத்தை அவர் விவரிக்கிறார். பெரிய கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேமித்து, விளங்காத கைகால் வழியாக ஒரு நாளைக்கு மூன்று முறை செலுத்தியிருக்கிறார். ஒருவருக்கு முதல் நாள் முழங்கால்மேல் கிடந்த கையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் நான்கைந்து அங்குலம் தூக்கினார். ஐந்தாம் நாள் தளர்ந்த கையாலேயே தொப்பியைக் கழற்றினார். இன்றைக்கு இப்படி ஒரு முன்னேற்றம் நடந்தால் அது விளம்பரப் பலகையில் ஏறியிருக்கும். ஃபிராங்ளின் அடுத்து எழுதியதுதான் அவர் பெருமை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு யாரிடமும் முன்னேற்றத்தைப் பார்க்கவில்லை என்கிறார். அடியின் வலி தாங்காமல் மனம் தளர்ந்து வீடு திரும்பினார்கள், கொஞ்ச நாளில் பழைய நிலைக்கே போய்விட்டார்கள். அந்தத் தற்காலிகப் பலன்கூட மின்சாரத்தால் வந்ததா, தினமும் அவர் வீட்டுக்கு வந்துபோன உடற்பயிற்சியால் வந்ததா, குணமாகும் என்ற நம்பிக்கையில் அவர்கள் கைகாலைக் கூடுதலாக அசைத்துப் பார்த்ததால் வந்ததா என்று தம்மால் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் பிரித்துப் பார்க்க முயன்றது இந்த மூன்றையும்தான்.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பகுதி அழிகிறது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு வரவேண்டிய கட்டளை குறைகிறது அல்லது நின்றுபோகிறது. ஆனால் தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு நன்றாகவே இருக்கிறது, தசையும் உயிரோடு இருக்கிறது. இதனால்தான் தோலுக்கு மேலிருந்து கொடுக்கும் சிறிய மின்துடிப்பு அந்த நரம்பைத் தட்டி எழுப்பித் தசையைச் சுருங்க வைக்க முடிகிறது. போலியோவால் வந்த கால் ஊனத்திலோ, விபத்தில் நரம்பு அறுந்த காலிலோ நிலைமை வேறு. அங்கே கீழ்நரம்பே இல்லை, இதே பெட்டி இதே மாதிரி வேலை செய்யாது. "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரண்ட் வச்சு ஒண்ணும் ஆகல" என்று கேள்விப்பட்டால், அவருக்கு வந்தது என்ன நோய் என்று முதலில் விசாரியுங்கள். இந்த நரம்பு மிச்சத்தை நடைக்கு நேரடியாகப் பயன்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் விளாதிமிர் லிபர்சன். 1961-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில், குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச், இடுப்பில் ஒரு சிறு பெட்டி, முழங்காலுக்குக் கீழே மின்முனை. குதிகால் தரையைவிட்டு எழுந்ததும் மின்துடிப்பு ஓடும், தொங்கும் பாதம் மேலே எழும். குதிகால் தரையில் பட்டதும் நின்றுவிடும். பிறகு அன்றைய யூகோஸ்லாவியாவின் லியுப்லியானாவிலும், இங்கிலாந்தின் சாலிஸ்பரியிலும் இந்தக் கருவி மெருகேறியது. சாலிஸ்பரி கருவிக்கு ஓட்ஸ்டாக் என்று பெயர்.

கருவியைப் பொருத்துவதை ஒரு நிமிடம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நம் 'பேட் ஒட்டும்' வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், கையில் தட்டுப்படும் ஒரு எலும்பு முனை இருக்கிறது. பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு பேட் அங்கே, இன்னொன்று முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை தொடங்கும் இடத்தில். இரண்டில் ஒன்று ஒரு விரலளவு தள்ளிப்போனாலும் பாதம் நேராக எழாமல் வெளிப்பக்கமாகவோ உள்பக்கமாகவோ திருகிக்கொள்ளும். திருகிய பாதத்தோடு காலை ஊன்றினால் கணுக்கால் புரளும். எனவே பிசியோதெரபிஸ்ட் பேட்டை நகர்த்தி, மின்னளவை ஏற்றி இறக்கி, பாதம் எப்படி எழுகிறது என்று பார்த்து, நடக்கவிட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். பிறகு இருக்கிறது நம் ஊருக்கே உரிய சிக்கல். குதிகால் சுவிட்சுக்குக் காலணி வேண்டும், நாம் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. வெளிநாட்டில் வாங்கிய கருவி வாசலில் செருப்போடு நின்றுபோகிறது. காலின் சாய்வை உணர்ந்து இயங்கும் கருவிகளும் இருக்கின்றன, அவற்றுக்குக் காலணி தேவையில்லை. வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்கக்கூடாது, வெறுங்காலில் வேலை செய்யுமா என்பதாக இருக்கவேண்டும்.

இனி பலன். 1997-ல் சாலிஸ்பரிக் குழு 32 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தது. எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது. பிசியோதெரபியோடு கருவியும் பெற்றவர்களின் நடைவேகம், கருவி ஓடும்போது, சராசரி 20.5 விழுக்காடு கூடியது. பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 5.2 விழுக்காடு. நடப்பதற்கு உடம்பு செலவிடும் உழைப்பும் கணிசமாகக் குறைந்தது. ஆனால் கருவியை அணைத்துவிட்டு நடக்கச் சொன்னபோது அந்த முன்னேற்றம் காணவில்லை. கண்ணாடி போட்டால் படிக்கலாம், கழற்றினால் படிக்க முடியாது என்பதைப் போல. கண்ணாடி நல்ல பொருள்தான், ஆனால் அதைக் கண்சிகிச்சை என்று நாம் சொல்வதில்லை. 2013-ல் அமெரிக்காவில் 197 பேரை வைத்து நடந்த 'ஃபாஸ்டெஸ்ட்' ஆய்வு இதைவிடப் பெரியது. ஒரு பாதிக்குப் பாதம் தூக்கும் கருவி, மறுபாதிக்கு ஏ.எஃப்.ஓ. என்கிற பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட். 30 வாரத்தில் இரு தரப்பிலும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.14 மீட்டர் கூடியது, வித்தியாசமே இல்லை. கருவி அணிந்தவர்களுக்குத் திருப்தி மட்டும் அதிகம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்போது, இந்த முடிவை நம் குடும்பங்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு நல்ல யோசனையின் பலன் ஏன் இவ்வளவோடு நிற்கிறது? இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, தசை இயங்கும் முறை. நாமாகவே ஒரு தசையை அசைக்கும்போது, முதலில் சிறிய, மெதுவாகக் களைக்கும் தசையிழைகள் வேலைக்கு வருகின்றன. பாரம் கூடக்கூட பெரியவை சேர்கின்றன. ஹார்வர்டின் எல்வுட் ஹென்னெமன் கண்டுபிடித்த ஒழுங்கு இது. வெளியிலிருந்து வரும் மின்துடிப்புக்கு இந்த ஒழுங்கு தெரியாது. மின்முனைக்கு அருகில் எது இருக்கிறதோ, எந்த நரம்பிழை தடிமனோ, அதைப் பிடித்து இழுக்கிறது. அதே இழைகளை ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி இழுக்கிறது. உடம்போ இழைகளை முறைவைத்து ஓய்வு கொடுத்து இயக்கும். அதனால் மின்சாரத்தால் சுருங்கும் தசை வெகுவிரைவில் களைத்துப்போகும். இரண்டாவது காரணம், நடை ஒரே தசையின் வேலை அல்ல. பாதம் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் உடம்பை முன்னே உந்தித் தள்ளுவது கெண்டைக்கால் சதை, காலை முன்னே வீசுவது இடுப்பு, ஊன்றிய காலில் முழங்கால் மடங்காமல் தாங்குவது தொடை. இவை பலவீனமாக இருக்கும்போது பாதத்தை மட்டும் சரியான நேரத்தில் தூக்கிவிட்டு நடை வேகமாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் நோயாளியின் முயற்சி சேரும்போது என்ன ஆகிறது? இதற்கு நேரான விடை காலைவிடக் கை ஆய்வில்தான் கிடைக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜெய்மி நட்சன் குழு 80 பேரை இரண்டாகப் பிரித்தது. இரு குழுவுக்கும் பலவீனமான கையை விரிக்க மின்தூண்டல்தான். ஒரு குழுவுக்குக் கருவியே நேரம் பார்த்து விரிக்கும். மற்றக் குழுவினர் நல்ல கையில் ஒரு கையுறை மாட்டிக்கொண்டார்கள். நல்ல கையை எவ்வளவு விரிக்கிறார்களோ, அவ்வளவு மின்சாரம் பலவீனக் கைக்குப் போகும். அதாவது, விரிக்கவேண்டும் என்ற எண்ணமும் விரிதலும் ஒன்றாக நடந்தன. 12 வாரம் பயிற்சி, அதன்பின் ஆறு மாதம் கழித்து ஒரு சோதனை. ஒரு நிமிடத்தில் எத்தனை சிறு கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்கு மாற்றமுடிகிறது என்று பார்த்தார்கள். கருவி தானாக இயக்கியவர்கள் சராசரி 1.8 கட்டை முன்னேறினார்கள், தாமே இயக்கியவர்கள் 4.6. மின்சாரத்தின் அளவைக் காட்டிலும் அது யார் விருப்பத்தில் பாய்ந்தது என்பதே முடிவை மாற்றியது. படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பவரிடம் நான் ஏன் குறைகாண்கிறேன் என்பது இப்போது புரியும். செலவே இல்லாத ஒரு திருத்தம் இதிலிருந்து கிடைக்கிறது: பெட்டி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும், "இப்போ நீங்களும் காலைத் தூக்குங்க" என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும்.

நோய் வந்த ஆரம்ப வாரங்களில் மின்தூண்டலுக்கு இன்னும் வலுவான இடம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தசையில் அசைவே இல்லாதவரிடம் பாரம் தூக்கச் சொல்ல முடியாது. ஹாங்காங்கில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், புதிதாகப் பக்கவாதம் வந்த 46 பேரில், மூன்று வாரம் கால்களுக்கு மின்தூண்டல் பெற்றவர்கள் எல்லோருமே நடந்தார்கள். அவர்களில் 84.6 விழுக்காட்டினர் வீடு திரும்பினார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களில் 53.3, எதுவும் கூடுதலாகப் பெறாதவர்களில் 46.2. சிறிய ஆய்வுதான், இதையே வைத்து ஆணித்தரமாகப் பேசக்கூடாது. 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், எதுவும் செய்யாமலிருப்பதைவிட மின்தூண்டல் தசைவலுவையும் செயல்திறனையும் கூட்டுகிறது என்றே தெரிந்தது. ஆனால் மற்ற வலுப்பயிற்சிகளைவிட இது மேல் என்று நிறுவ முடியவில்லை. தானாகத் தூக்க முடியாதவரைத் தூக்க முடிகிற நிலைக்குக் கொண்டுவருவதே மின்சாரத்தின் சரியான வேலை. தூக்க முடிந்த நாளிலிருந்து அந்த வேலை பாரத்துக்குப் போகவேண்டும்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் சிலர் ஒரு மறுப்பு சொல்வார்கள். பக்கவாதம் வந்த கைகாலில் இறுக்கம் இருக்கிறது, பாரம் கொடுத்தால் இறுக்கம் கூடும், நடை கெட்டுப்போகும் என்பார்கள். மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதன் பின்னால் நிற்பவர் பெர்ட்டா போபாத். பெர்லினில் பிறந்து லண்டனில் பணியாற்றிய அவர், பக்கவாதம் வந்தவர்களை மூலையில் போட்டுவைத்திருந்த காலத்தில், விளங்காத பக்கத்தையும் பயிற்றுவிக்க முடியும் என்று காட்டினார். அது பெரிய சேவை. ஆனால் இறுக்கமே முதல் எதிரி, கனமான முயற்சி அதைத் தூண்டும் என்று அவர் வழியில் வந்தவர்கள் கருதியதால், இரண்டு தலைமுறை நோயாளிகள் பாரமே தொடாமல் பயிற்சி பெற்றார்கள். போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படிப்படியாகக் கனம் கூட்டும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945-லேயே விவரித்துவிட்டார். அது பக்கவாத வார்டுக்குள் நுழைய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. பயம் சரியா என்று ஆராய்ந்தபோது சரியில்லை என்று தெரிந்தது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் லூயிஸ் அடாவும் சகாக்களும் 21 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வலுப்பயிற்சி வலுவைக் கூட்டுகிறது, செயல்திறனையும் ஓரளவு கூட்டுகிறது, இறுக்கத்தைக் கூட்டுவதில்லை. சுவீடனின் லுண்ட் நகரில், நோய் வந்து ஆறு மாதம் முதல் நான்கு ஆண்டுவரை ஆன 24 பேரை எடுத்துக்கொண்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் தம் உச்சபட்ச வலுவில் 80 விழுக்காடு பாரத்தை முழங்கால் தசைகளால் தூக்கினார்கள். வாரம் இரண்டு நாள், பத்து வாரம், அவ்வளவுதான். இறுக்கம் கூடவில்லை. கூடிய வலு ஐந்து மாதம் கழித்தும் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து மறுபடி அழைத்துப் பார்த்தபோதும் இருந்தது. மருந்துக்கடையில் இப்படிப் பத்து வாரம் கொடுத்து நான்கு ஆண்டு நிற்கும் பொருள் கிடைத்தால் வரிசையில் நிற்போம்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. கோளாறு மூளையில் இருக்கிறது, தசையில் இல்லை. தசையை வலுவாக்கி என்ன பயன் என்று கேட்பார்கள். மூளையில் தொடங்கிய கோளாறு அங்கேயே நிற்பதில்லை என்பதே பதில். கட்டளை வராத தசை சில வாரங்களில் மெலிகிறது, அதன் ஊடே கொழுப்பு படிகிறது, இழைகளின் தன்மையே மாறுகிறது. நல்ல பக்கம் என்று நாம் சொல்லும் காலும் படுக்கையிலேயே கிடந்து வலு இழக்கிறது. மூளையின் மிச்சப் பாதைகள் எவ்வளவு கட்டளை அனுப்பினாலும், அதைச் செயலாக்கத் தசையில் சரக்கு வேண்டும். இந்த மறுப்பில் ஒரு பாதி உண்மை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. அடாவின் தொகுப்பில் வலு கூடிய அளவும் நடை முதலான செயல்கள் கூடிய அளவும் இரண்டுமே சிறியவைதான். லுண்ட் ஆய்விலும் முழங்கால் வலு கூடிய அளவுக்கு நடை கூடவில்லை. மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டுவதில் வல்லவரானால் காலை நீட்டுவதில்தான் வல்லவராவோம். எனவே பாரத்தை முடிந்தவரை வாழ்க்கையில் செய்யும் அசைவுக்குள்ளேயே வைக்கவேண்டும்.

அப்படி ஒரு அசைவு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது: நாற்காலியிலிருந்து எழுவது. அது வலுப்பயிற்சி, நடைக்கான பயிற்சி இரண்டும் சேர்ந்தது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். எழ முடியாதவருக்கு இருக்கையில் கெட்டியாக மடித்த போர்வைகளைப் போட்டு உயர்த்துங்கள். உயரம் கூடக்கூட எழுவது லேசாகும். பலவீனமான பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து வையுங்கள், நல்ல பாதம் ஒரு சாண் முன்னால் இருக்கட்டும். வழக்கமாக நல்ல காலே எல்லா வேலையையும் செய்துவிடும், இப்படி வைத்தால் பலவீனமான கால் பங்கெடுத்தே ஆகவேண்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னே குனிந்து எழவேண்டும். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல் மெல்ல இறங்கவேண்டும். இறங்குவதும் தொடைக்குப் பயிற்சிதான். எட்டு முதல் பன்னிரண்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி இரண்டு சுற்று. பன்னிரண்டு எளிதாகிவிட்டால் ஒரு போர்வையை எடுத்துவிடுங்கள். எல்லாப் போர்வையும் போனபிறகு கையில் இரண்டு கிலோ பையைக் கொடுக்கலாம். தொடையில் மின்தூண்டல் வைத்திருப்பவருக்கு, எழும் நொடியில் சரியாகத் துடிப்பு வரும்படி பிசியோதெரபிஸ்ட் கைச்சுவிட்சால் இயக்கினால், கரண்டும் கனமும் ஒரே அசைவில் சேர்கின்றன.

இதைத் தினமும் எவ்வளவு செய்கிறோம் என்பதுதான் அடுத்த கவலை. அமெரிக்காவின் கேத்தரின் லேங் குழு 312 பயிற்சி அமர்வுகளை நேரில் உட்கார்ந்து எண்ணியது. கையைப் பயன்படுத்தும் அசைவு ஒரு அமர்வில் சராசரி 32 முறை, நடையில் 357 அடி. விலங்குகளில் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் ஜூலி பெர்ன்ஹார்ட் பார்த்தபோது, பக்கவாதம் வந்த முதல் இரண்டு வாரங்களில் நோயாளிகள் பகல் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் கிடந்தார்கள். பயன்தரும் அசைவுகளில் கழித்தது வெறும் 13 விழுக்காடு. பணமும் ஆளும் நிறைந்த நாடுகளின் நிலையே இது.

"அப்படியானால் முதல் நாளிலிருந்தே எழுப்பி நடக்கவிடலாமே" என்று தோன்றும். அவசரம் ஆகாது. அதே பெர்ன்ஹார்ட் தலைமையில் 2,104 பேரை வைத்து நடந்து 2015-ல் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, நீண்டநேரம் எழுப்பி நடத்தியவர்களில் 46 விழுக்காட்டினரே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 50 விழுக்காடு. முதல் நாளின் மூளை வேறு, மூன்றாம் வாரத்தின் மூளை வேறு. ஆரம்பத்தில் சிறிது நேரம், பல தடவை என்பதே பாதுகாப்பு. கனம் அதற்குப் பிறகு. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் மருத்துவர் சொல்லாமல் பாரம் தூக்கக்கூடாது. தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக்கூடாது, வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு தானாக ஓடும். மின்தூண்டலிலும் எச்சரிக்கை உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், அடிக்கடி வலிப்பு வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக்கூடாது. தோலில் உணர்ச்சி மங்கியவருக்கு பேட் சுடுவதே தெரியாது. ஒவ்வொரு முறை கழற்றியதும் தோலைப் பார்த்துவிடுவது வீட்டார் பொறுப்பு.

செலவைப் பற்றிய மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. இதெல்லாம் பணக்காரருக்கு, நமக்கு எங்கே என்பார்கள். 2011-ல் அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த 'லீப்ஸ்' ஆய்வு இதற்கு நல்ல பதில். உடல் எடையைக் கயிற்றில் தாங்கி டிரெட்மில்லில் நடத்தும் விலையுயர்ந்த பயிற்சி ஒரு பக்கம், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து வலுவும் சமநிலையும் பயிற்றுவிப்பது மறுபக்கம். ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 விழுக்காட்டினரின் நடைத்தரம் உயர்ந்தது, இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. டிரெட்மில்லை ஆறாம் மாதத்தில்தான் தொடங்கிய குழுவும் ஓராண்டில் மற்றவர்களை எட்டிப் பிடித்தது. "ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு" என்று கைகழுவிவிடும் வழக்கத்துக்கு இதுவும் லுண்ட் ஆய்வும் போதுமான மறுமொழி. ஆனால் 'வீட்டிலேயே செய்தால் போதும்' என்று லீப்ஸ் முடிவுக்குப் பொருள்கொண்டால் இடறுவோம். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்து 2017-ல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அவர்களையே செய்யவைத்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் அந்தக் குழுவிலும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவிலும் 47 விழுக்காடு. அன்பு குறைந்ததால் அப்படி ஆனது என்று நான் நினைக்கவில்லை. எப்போது கனத்தைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று வாரந்தோறும் வந்து பார்க்கும் தேர்ந்த கண் இல்லாமல் போனது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நம் வீடுகளில் அன்பு சில சமயம் எதிராகவும் வேலை செய்கிறது. எழப்போகும் அப்பாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறோம், அவர் தொடைக்கு அன்றைய வேலை போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருவதும் அடங்கும். பி.பி., சுகர் மாத்திரையோடு அந்த வருகையும் சேர்ந்தே திட்டமிடப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அந்த வருகை பயன்தர நாம் கேட்டு வாங்கவேண்டியது என்ன என்பதைச் சொல்லி முடிக்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரே வரி: 'பிசியோதெரபி தொடரவும்.' மாத்திரைக்கு 'மாத்திரை தொடரவும்' என்று மட்டும் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ அல்லது எந்த உயர நாற்காலி, எத்தனை முறை, வாரம் எத்தனை நாள், எப்போது கூட்டவேண்டும். மின்தூண்டல் என்றால் எந்தத் தசைக்கு, எந்த அசைவோடு, எத்தனை வாரம். இவை அந்தத் தாளில் எழுதப்படவேண்டும். மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் இந்த அவையில் இருப்பதால் இதை உங்களிடமே கோரிக்கையாக வைக்கிறேன். நோயாளியின் வீட்டார் யாராவது இருந்தால், அது எழுதப்படும்வரை தாளைக் கையில் வாங்காதீர்கள்.